இடது தோளுக்குத் தைலம்

ஊரார் எல்லாரையும் உடம்புக்கு என்ன என்று கேட்கிற வேலை கம்பவுண்டர் வேலை. அவனுக்கு என்ன என்று கேட்கத்தான் ஆள் இருக்காது.

டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில் ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னாலேயே ஜாகை. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் சாப்பிடப் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார். அதுவரை நானும் மருந்து பாட்டில்களும்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உப்பு

முனியம்மா கருவாடு விற்கிறவர். தலைச்சுற்றல் என்று வந்தார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறினதைப் பார்த்துவிட்டு, ரத்தக்கொதிப்பு, இனி உப்பும் கருவாடும் கூடாது என்றார். உள்ளே ரத்தம் கொதிக்கிறது என்றே அந்தம்மா நினைத்துவிட்டார். மோர் குடித்தால் ஆறுமா என்று என்னைக் கேட்டார்.

கொதிக்கவெல்லாம் இல்லை, குழாயில் தண்ணீர் எந்நேரமும் முட்டிக்கொண்டு வந்தால் குழாய் கெட்டுப்போகும் இல்லையா, அந்த மாதிரி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

“உப்பு ஆவாதுன்னா சமுத்திரத்தாண்ட இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி வெச்சிகினு கீறீங்கோ?”

கைராசி

அவர் புருஷன் கன்னியப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் மத்தியானம், டாக்டர் இல்லாத நேரம், இடது தோளிலிருந்து முழங்கை வரை நோவு என்று வந்தார். மூட்டைக்காரர்களுக்குத் தோள்வலி வந்தால் டாக்டரைக் கேட்காமலே டர்பன்டைன் தைலம் தேய்த்து அனுப்புவது எங்கள் வழக்கம். பெஞ்சில் உட்காரவைத்துத் தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, “சாப்ட்டியா நைனா?” என்று கேட்டார். ராயபுரத்துக்கு வந்து மூன்று வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் தினமும் சாப்பாட்டு மணிக்கு வருவார். கப்பல் சமாசாரம், மேஸ்திரியின் மச்சான் சமாசாரம் எல்லாம் பேசுவார். போகும்போது ஒரு நாள் சொன்னார்:

“கப்பலுக்கு ஏர்ற பலகை மேல மூட்டையோட ஏறசொல்ல நோவுது. இங்க வந்து குந்திகினா வுட்டுப்பூடுது. உனுக்குக் கைராசி, நைனா.”

தோள் மாற்றினோம்

எப்போதும் இடது தோளிலேயே தூக்குவதால்தான் வலி, வலது தோளுக்கு மாற்றிப் பாருங்கள் என்று யோசனை சொன்னேன். மாற்றினார். வலி இடது பக்கத்திலேயே நின்றது.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் குறுகிவிட்டால், பாடுபடும்போது வலிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும், சிலருக்கு நெஞ்சில் தெரியாமல் இடது கையில் தெரியும் என்று என் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது என் நினைவுக்கு வராமல் இல்லை. நாலு மணிக்கு டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே கன்னியப்பனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். மாதக்கணக்கில் படுக்கவைத்துவிடுவார்கள். மறுபடியும் என் மத்தியானம் காலியாகிவிடும். தோள்வலியாகவும் இருக்கலாமே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினோரு நாள் அப்படியே போயிற்று. பன்னிரண்டாம் நாள் அவர் மூஞ்சி வெளுத்திருந்தது. டாக்டர் வரும்வரை இருங்கள் என்றேன், அன்றைக்காவது. சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தார்:

“கப்பலு இன்னிக்கிப் பொறப்படுது. நாளிக்கி வர்றேன், நீ மொதல்ல துன்னு.”

இன்னொரு பாட்டில்

அன்று சாயங்காலமே பலகை மேல் விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து போய்ச் சேர்ந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டபோது, தோள்வலி என்று நினைத்துவிட்டேன் என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழாம் நாள் முனியம்மா காலி பாட்டிலோடு என்னிடம் வந்தார். கன்னியப்பனுக்கு மாரடைப்பு, என்னால்தான் தாமதமாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா என்னைப் பேச விடவில்லை:

“நெஞ்சுக்கு அவுங்க ஊசி போடட்டும், தோளுக்கு எங்க கம்பொண்டரு தைலம்தான்னு அடம் புடிக்கிறாரு. உன்னியத்தான் கேட்டுகினே கீறாரு. ஊத்திக் குடு, நைனா.”

முப்பது வருஷ சர்வீஸில் தெரிந்தே தப்பாக நான் கொடுத்த மருந்து அது ஒன்றுதான், அதை மட்டும்தான் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.