லிம்ஃபியோர்ட் கரையில் ஒன்பது குடிசைகள்

வெள்ளிக்கிழமை, காலை 7.35

மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு 47 படிகள். பெப்ரவரி மாதத்தில் முப்பத்தோராவது படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தது. அன்றிலிருந்து மகள் வாசுகி ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் ஒன்றையே கேட்கிறாள்: "அப்பா, அந்த வீட்டை விட்டிட்டு எங்களோட வந்து இருங்கோவன்."

அவள் டென்மார்க்கின் வடக்கே ஓல்போர்க்கில் தாதியாக வேலை செய்கிறாள். கணவன் ஹென்ரிக் டேனிஷ்காரர், பள்ளி ஆசிரியர். ஏப்ரலில் புது வீட்டுக்கு மாறினார்கள். அதில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்களாம். நான் இன்னும் பார்க்கவில்லை. தொலைபேசியில் மறுப்பது அழகில்லை, நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் புறப்பட்டேன். காரணங்கள் பதினொன்று. மறந்துவிடாமல் இலக்கமிட்டு ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

ஆனால் ஜூலையில் அந்த வாரம் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. 1086ஆம் ஆண்டில் இருப்பார்கள். நானும் அங்கேதான் போகவேண்டியிருந்தது.

காலை 8.20

நான் இருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து மேற்கே ஒரு நிறுத்தம் போனால் ஹொய டோஸ்ட்ருப். ஜட்லாந்துத் தீபகற்பம் போகும் நீண்டதூர ரயில்கள் அங்கேதான் நிற்கும். முதியோர் சலுகையும் இருக்கைப் பதிவும் சேர்த்துப் போக 329 குரோணர். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அதே தொகை. இரண்டையும் ஒன்றாகவே வாங்கிவிட்டேன். ரயில் ஆறு நிமிடம் தாமதம். மூன்றாவது பெட்டியில் ஏற வேண்டியவன் ஐந்தாவதில் ஏறி, இரண்டு பெட்டிகளை உள்ளுக்குள்ளேயே கடந்து இருக்கைக்கு வந்தேன்.

பக்கத்து இருக்கையில் கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர். ஓல்போர்க்கில் கணினி வேலை. நான் தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதுவதைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"எங்க சார் போறீங்க?"

லிம்ஃபியோர்ட் கரையில் ஒரு வரலாற்றுச் சங்கத்தார் ஆண்டுதோறும் ஒரு வாரம் நோர்மன் ஆட்சிக்கால இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அமைத்து வாழ்கிறார்கள், அங்கே என் மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"டென்மார்க்ல எதுக்கு சார் இங்கிலாந்து கிராமம்? அவங்க ஊர் கிராமத்தையே போடலாமே?"

நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் அதே சந்தேகம் இருந்தது. தெரிந்ததைச் சொன்னேன். 1085இல் டென்மார்க் அரசன் இங்கிலாந்தைப் பிடிக்க லிம்ஃபியோர்ட்டில் பெரிய கப்பற்படையைத் திரட்டினான். இங்கிலாந்தில் ஆட்சியிலிருந்த நோர்மன் அரசன் அஞ்சி, கடலுக்கு அப்பாலிருந்து கூலிப்படையை இறக்கினான். கிராமங்கள் அவர்களுக்குச் சோறு போட வேண்டியதாயிற்று. தன்னிடம் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று அரசனுக்குத் தெரியவேண்டும். அந்த வருட நத்தாரின்போது, கிறிஸ்துமஸ் நாட்களில், நாடு முழுவதும் நிலம், கலப்பை, ஆள், ஆலை, பன்றி எல்லாவற்றையும் எண்ணி எழுதும்படி கட்டளையிட்டான். 1086இல் எடுத்த அந்தக் கணக்கைத்தான் சங்கத்தார் இந்தக் கரையில் நடித்துப் பார்க்கிறார்கள்.

"இவங்க கப்பல் போச்சா சார்?"

"ஒரு கப்பலும் போகேல்லை. காத்திருந்து களைச்சுப்போய்ச் சனம் வீட்டை போயிட்டுது. அடுத்த வருசம் இந்த அரசனையே கோயிலுக்குள்ள வைச்சுக் கொலை செய்துபோட்டினம். இப்ப ஒரு ஊர் வரும், ஓடென்சே. அவன்ர எலும்புக்கூடு அங்கைதான் கிடக்கு."

இளைஞர் சிரித்தார். "அப்ப போகாத கப்பலுக்குப் பயந்து ஊரையே எண்ணிட்டாங்களா?"

அதற்குள் ரயில் கடலுக்கடியில் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தில் நுழைந்துவிட்டது. காது அடைத்தது. வெளியே வந்ததும் சிறு தீவு, பிறகு மேற்குப் பாலம். ஓஹுஸ் நிலையத்தில் ரயில் முன்பின் மாறிப் புறப்படும். அதன்பிறகு ஓல்போர்க் வரை எனக்கு முதுகுப்பக்கமாகவே பயணம். இதை முன்பதிவு செய்யும்போது யாரும் சொல்வதில்லை.

பிற்பகல் 1.25

வாசுகி நிலையத்துக்கு வந்திருந்தாள். தவிட்டு நிறத்தில் கணுக்கால் வரை கம்பளி அங்கி, தலையில் வெள்ளைத் துணி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மணிக்கட்டு எப்பிடி, அப்பா?"

"மழைக்கு நோகும்."

"இஞ்சை எப்பவும் மழைதான்" என்றவள், அது தனக்குச் சாதகமான பேச்சில்லை என்று உடனே உணர்ந்து வாயை மூடிக்கொண்டாள்.

மேற்கே 24 கிலோமீற்றர் காரில் போனோம். வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் கைப்பேசி, கடிகாரம் இரண்டையும் ஒரு பெட்டியில் போடச் சொன்னார்கள். இதன்பிறகு நான் தரும் நேரங்கள் வெயிலைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்பவை. பையைச் சோதித்த வாசுகி ஒரு சின்னப் போத்தலை வெளியே எடுத்தாள்.

"இது என்ன?"

"மிளகாய்த்தூள். கொஞ்சம்தான்."

"மிளகாய் ஐரோப்பாவுக்கு வர இன்னும் நானூறு வருசம் கிடக்கு, அப்பா."

"மிளகு?"

"பிரபு வீட்டில மட்டும். நாங்கள் குடியானவர்."

போத்தலும் பெட்டிக்குள் போயிற்று.

ஒன்பது குடிசைகள். சுவர் பிரம்புப் பின்னலில் களிமண் பூசியது. கூரை நாணல். நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை கூரையில் வழி தேடிப் போகும், பாதி நம் கண்ணில் தங்கும். இரவுச் சாப்பாடு வாற்கோதுமையும் பட்டாணியும் சேர்ந்த கூழ், கல் நெருடும் ரொட்டி. உருளைக்கிழங்கு இல்லை, தக்காளி இல்லை, தேநீர் இல்லை. நீர்த்த பியர்தான் குடிக்க. குடியானவன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் வேலை செய்ய வேண்டும். மாவைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். ஆலைக்காரர் விலாங்கு மீனாகவும் வரி செலுத்தினார்கள். பிரபு பேசுவது பிரெஞ்சு, குடியானவன் பேசுவது ஆங்கிலம், கணக்கு எழுதுவது லத்தீன். மூன்று மொழியில் ஒரு வீட்டை நடத்துவது எனக்குப் புதிதல்ல. வைக்கோல் மெத்தையில் படுத்தேன். நான்கு முறை விழித்தேன்.

சனிக்கிழமை, காலை

முகாம் தலைவி ஓய்வுபெற்ற நூலகர், உயரமான அம்மா. அரசனின் கணக்கராக வரவேண்டியவருக்குக் காய்ச்சல், என்ன செய்வது என்று கூழ் குடித்துக்கொண்டே கவலைப்பட்டார். ஹென்ரிக் கரண்டியால் என்னைக் காட்டினார்.

"மாமா எண்ணுவார்" என்றார் டேனிஷில். "நேற்றுப் பாதையில் வேலிக்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாராம்." மாமா என்ற சொல் மட்டும் தமிழ்.

212 கம்பங்கள். எண்ணியது உண்மைதான்.

எனக்குக் கறுப்பு அங்கி ஒன்றும், தோல் போன்ற தடித்த தாள் ஒன்றும், இறகுப் பேனாவும் தந்தார்கள். அங்கி கழுத்தில் அரித்தது. கேள்விகள் நான்கு. எதைப் பற்றியும், பழைய அரசன் காலத்தில் எத்தனை, புதிய பிரபு பொறுப்பேற்றபோது எத்தனை, இப்போது எத்தனை என்று மூன்று தடவை கேட்க வேண்டும். நான்காவது, இப்போது இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க முடியுமா என்பது. குடியானவன் வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்து பதில் சொல்வான். சொன்னதை அப்படியே எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவன் நான். இந்த நாட்டில் 26 வருடம் களஞ்சியத்தில் பெட்டி எண்ணியவன். இரண்டும் ஒரே நாளில் தேவைப்பட்டது இதுதான் முதல் தடவை.

முதலாம் குடிசை: கலப்பை ஒன்று, எருது நான்கு. எட்டு இருந்தால்தான் முழு ஏர். நான்கிலும் இரண்டுதான் உயிருள்ளவை, மற்றவை பலகையில் வெட்டியவை. இரண்டாம் குடிசை ஆலைக்காரருடையது. மூன்றாம் குடிசையில் பல் வைத்தியர் ஒருவர் பன்றி ஐந்து என்று சத்தியம் செய்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆறு. "அது விருந்தாளி" என்றார். ஆறு என்றே எழுதினேன். நாலாம் குடிசைக்கு இரண்டு அடிமைகள், சீட்டுக் குலுக்கி அந்த வேடத்துக்கு வந்தவர்கள். அந்தக் காலக் கணக்கில் அடிமையைத் தலை எண்ணி எழுதுவார்கள். குடியானவர்களில் குடும்பத் தலைவன் மட்டும்தான் எழுதப்படுவான்.

எட்டாம் குடிசையோடு தாள் முடிந்துவிட்டது. நான் விரித்து எழுதியது பிழை. முகாமில் வேறு தாள் இல்லை. ஒன்பதாவது வாசுகியின் குடிசை. அங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து, அதன் வெற்றுப்பக்கத்தை விரித்தேன்.

ஹென்ரிக் புத்தகத்தில் கைவைத்தார். ஆள் ஒன்று, எருது இரண்டு, பன்றி ஒன்று. எழுதினேன்.

"என்னை எழுதேல்லையோ?" என்றாள் வாசுகி.

"குடும்பத் தலைவனைத்தான் எழுதிறது."

"எருது எழுதினனியள். பண்டி எழுதினனியள்."

"ஓம்."

"அப்ப நான் பண்டியிலும் குறைவோ?"

"நான் போட்ட சட்டமே, பிள்ளை? பெண்டுகளை எழுதிற வழக்கமில்லை. என்னையும்தான் எழுதேல்லை. கணக்கன் எந்தக் குடிசையிலும் சேர்த்தியில்லை."

ஹென்ரிக் என்ன பகிடி என்று கேட்டார். அவள் டேனிஷில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்திலிருந்து கையையும் எடுக்கவில்லை.

நான் நான்காவது கேள்விக்கு வந்தேன். "இப்போது இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க முடியுமா?"

அவர் வாசுகியைப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்: "ஓம். ஒராள்."

"நான் எருதைக் கேட்டேன்" என்றேன் டேனிஷில்.

"எதை என்று நீங்கள் சொல்லவில்லை, மாமா."

சத்தியம் செய்து சொன்னதை எழுதாமல் விடக் கணக்கனுக்கு உரிமை கிடையாது. ஒன்று என்று எழுதினேன்.

பிற்பகல், நான்கு மணி இருக்கும்

எல்லாரும் புல்வெளியில் கூடினார்கள். தலைவி கணக்கை உரத்து வாசித்தார். ஆறாவது பன்றிக்குப் பெரிய கைதட்டல். கடைசியாக ஒன்பதாம் குடிசையின் தாளை எடுத்து, வாசித்து, அடியில் மெழுகு முத்திரை குத்தி, அது காயும்வரை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தார்.

கணக்கு எழுதிய பக்கம் அவரைப் பார்த்தபடி இருந்தது. மற்றப் பக்கம் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. கறுப்பு மையில், தெளிவான தமிழில், என் காரணங்கள், ஒன்று முதல் பதினொன்று வரை. அங்கிருந்த முப்பத்தெட்டுப் பேரில் அதை வாசிக்கக்கூடியவர் என்னைத் தவிர ஒருவர்தான். முன்வரிசையில் நின்றாள். மேலிருந்து கீழே அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெழுகு காய இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு நான் நின்ற கரைக்கு வந்தாள். லிம்ஃபியோர்ட் அந்த இடத்தில் அகலம், எதிர்க்கரை ஒரு கோடுபோல் தெரியும். கப்பல்கள் காத்துக் கிடந்த தண்ணீர்.

"இதைச் சொல்லத்தான் வந்தனியளோ?"

"ஓம்."

"பதினொரு காரணம்."

"ஓம்."

"நாலும் ஒன்பதும் ஒண்டுதானே. பாரமா இருக்கக்கூடாது. இடைஞ்சல் செய்யக்கூடாது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

யோசித்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. களஞ்சியத்தில் ஒரே பெட்டியை இரண்டு தரம் எண்ணினால் அன்றைக்கு வீட்டுக்கு விடமாட்டார்கள்.

"அப்ப பத்து" என்றேன்.

"முதலாவது, படி நாப்பத்தேழும் எனக்குப் பழக்கம் எண்டு எழுதியிருக்கிறியள். விழுந்த படிதானே, அப்பா."

அதற்காக நான் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

அவள் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். "பதினோராவதுக்கு என்னட்டைப் பதில் இல்லை."

பதினோராவது: இது அவளுடைய அம்மா இருந்த வீடு.

கூழுக்கு மணி அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.10

கடிகாரம் திரும்பக் கிடைத்தது. மிளகாய்த்தூளும் கிடைத்தது. ஹென்ரிக் முகாமிலிருந்து நேராக நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் புது வீட்டைப் பார்க்க வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரயில் புறப்படுமுன் ஒரு தாளை என் கையில் தந்தார். முத்திரை குத்திய ஒன்பதாம் குடிசை. கணக்குக் கணக்கரிடம்தான் இருக்க வேண்டுமாம்.

இந்த முறை ஓஹுஸ் வரைதான் முதுகுப்பக்கம். அதன்பிறகு நேர்.

பிற்பகல் 2.40

ஓடென்சே கடந்ததும் தாளை விரித்தேன். அந்தக் கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்த விஷயம், வீழ்ச்சியை ஒளிக்க முடியாது என்பதுதான். அப்போது பத்துக் கலப்பை, பின்னர் ஆறு, இப்போது இரண்டு என்று ஒரே வரியில் நிற்கும். யாருடைய பிழை என்று எழுத இடமில்லை. இருப்பதை மட்டும் எழுதுவார்கள். ஒன்பதாம் குடிசைக்குக் கீழே மூன்று விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. அங்கே எழுதினேன்:

டோஸ்ட்ருப், மூன்றாம் மாடி. அப்போது நால்வர். மகன் லண்டனுக்கும் மகள் ஓல்போர்க்குக்கும் போனபோது இருவர். இப்போது ஒருவர். கூடுதலாக இருக்க முடியுமா?

கணக்கன் உண்மையைத்தான் எழுத வேண்டும். இல்லை என்று எழுதினேன்.

ரயில் மேற்குப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். சுரங்கத்தில் தொலைபேசி வேலை செய்யுமோ என்ற சந்தேகத்தில் அதற்குமுன் வாசுகியை அழைத்தேன். முகாம் பிரித்துக்கொண்டிருந்தார்கள் போலும், பின்னால் பலகை விழும் சத்தம்.

"அந்த அறையின்ர சன்னல் எந்தப் பக்கம்?"

"என்ன, அப்பா?"

"சன்னல். மேற்கோ?"

"கிழக்கு. காலமை வெயில் வரும்."

ஏழாவது காரணம் ஓல்போர்க்கில் வீசும் மேற்குக் காற்று. தாளைத் திருப்பி அதன்மேல் ஒரு கோடு போட்டேன்.

"மிச்சம் எத்தினை?" என்றாள்.

"ஒன்பது. அவசரப்படுத்தாதை."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் எண்ணி முடிச்சிட்டு வாங்கோ."