பாயில் சுற்றி வந்த துப்பாக்கி

எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தின் துப்பாக்கி உரிமப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி, நான், ஒரு பியூன். அவ்வளவுதான். ஊரில் உரிமம் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களில் பலர் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்போம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாங்கிய துப்பாக்கிக்கு, பிரெஞ்சில் எழுதிய பழைய தாள்கள் அவர்களிடம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால்தான் என்னை அந்த மேசையில் உட்காரவைத்தார்கள். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்தில் நான் செய்த ஒரு காரியத்தை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. எண்பதைத் தாண்டிவிட்டேன். இனியும் சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

ஆவணி மாதப் புழுக்கம். மதியம் மூன்று மணி இருக்கும். பியூன் உள்ளே வந்து, "ஒரு அம்மா பாயும் கையுமா நிக்குது சார். இங்கியே படுத்துக்கும் போல," என்று சிரித்தான். வரச் சொன்னேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், சுருட்டிய கோரைப் பாய் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து என் மேசைமேல் வைத்தார். வைத்தபோது உள்ளே இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது. பிரித்துப் பார்த்தால் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. தோட்டா இல்லை. எண்ணெய் போட்டு, பளபளவென்று துடைத்திருந்தது.

"இத்த இங்கியே வச்சிக்குங்க சார். ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்பறம் நானே வந்து கேக்கறேன்."

யாருடையது என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரோடது. சொல்தா. நெல்லித்தோப்புல இருக்கோம். இப்ப சலூனுக்குப் போயிருக்காரு. அதுக்குள்ள ரிக்‌ஷா புடிச்சி வந்துட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, இன்னொருவர் அந்தத் துப்பாக்கியை நெல்லித்தோப்பிலிருந்து ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே வருவதா? "இப்படித் தூக்கிட்டு வந்ததே குத்தம் தெரியுமாம்மா? நெனச்சா உங்க மேலயே கேஸ் போடலாம்," என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பாயைத் திரும்ப எடுக்கவில்லை. பிறகு, நான் நியாயமானவன் என்று காட்டிக்கொள்ள, சில கேள்விகள் கேட்டேன். எங்களிடம் விசாரணைக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இருந்த கேள்விகள்தான்.

"அடிக்கிறாரா?"

"சேச்சே, இல்ல சார்."

"சுட்டுடுவேன்னு மெரட்டினாரா?"

"ஐயோ, அவரு அப்படிப்பட்ட ஆளே இல்ல."

"குடிப்பாரா?"

"சாயங்காலத்துல கொஞ்சம். எல்லா சொல்தா மாதிரியும்தான்."

"அப்பறம் என்னதாம்மா உங்களுக்கு?"

அவர் பியூனைப் பார்த்தார். முத்திரைத்தாள் விஷயமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பயமா இருக்கு சார்," என்றார். புருஷன் பெண்டாட்டி சண்டை, துப்பாக்கியை ஒளித்துவைத்து அவரை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சைக்கிளில் போய்க் கணவரை அழைத்து வரும்படி பியூனை அனுப்பினேன்.

அடுத்து நடந்ததில்தான் என் குற்றம் இருக்கிறது.

முக்கால் மணி நேரத்தில் கணவர் வந்தார். அப்போதுதான் முடி வெட்டியிருந்தார். மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் தொப்பி. வாசலிலேயே நின்று, பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டார். அழகான உச்சரிப்பு. அலுவலகத்தில் எல்லாமே ஆங்கிலமாகிவிட்ட காலம் அது. அப்படி ஒருவர் என்னிடம் பிரெஞ்சு பேசி மாதக்கணக்காகியிருந்தது. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து நின்று கை குலுக்கினேன். பிறகு நாங்கள் இருவரும் பிரெஞ்சிலேயே பேசினோம். அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னார். மனைவி எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள் என்றார். துப்பாக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, தனக்கென்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்றார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. "அது உங்கள் உரிமை. முறையான உரிமம் இருக்கும்வரை யாரும் அதில் கை வைக்க முடியாது," என்று நானும் நல்ல பிரெஞ்சில் சொன்னேன். பிறகு நலமா என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் வருவதில்லை என்றார். இந்தப் புழுக்கத்தில் நான் மட்டும் தூங்குகிறேனா என்றேன். இருவரும் சிரித்தோம்.

"என்ன சார் சொல்றாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல மனுஷன். நீங்கதான் வீணா பயப்படறீங்க."

பதிவேட்டில் எண்ணைச் சரிபார்த்தேன். உரிமம் செல்லும். அவர்மேல் வழக்கு இல்லை, புகார் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியை ஒப்படைத்தேன். அவரே அதைப் பாயில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த அம்மா பின்னால் போனார். அதிகாரி அன்று காரைக்கால் போயிருந்தார். 'விசாரிக்க வேண்டியுள்ளது' என்று நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தால் போதும். அது முடியும்வரை துப்பாக்கி காவல் நிலையத்தில் இருந்திருக்கும். நான்கு வரி. அதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தது. உரிமதாரர் அதே துப்பாக்கியால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று இருந்தது. கடிதத்தோடு வந்த அந்த அம்மாவின் வாக்குமூலத்தைப் படித்துத்தான் மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்தது. பிரான்சில் வேலையில் இருந்த ஒரே மகன் ஆறு மாதத்துக்கு முன்பு சாலை விபத்தில் இறந்திருக்கிறான். உடலைக்கூட இவர்கள் பார்க்கவில்லை. அதிலிருந்து அவர் தூங்குவதில்லை. தினமும் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம்.

அந்த அம்மா தனக்காகப் பயப்படவில்லை. கணவருக்காகப் பயந்திருக்கிறார். அந்தக் காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதே தண்டனைக்குரிய குற்றம். அரசு அலுவலகத்தில், நான்கு பேர் நடுவில், அதுவும் கேஸ் போடுவேன் என்று மிரட்டிய ஒருவனிடம், என் புருஷனுக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்?

என்னை யாரும் குறை சொல்லவில்லை. அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது என்றார். நான் கோப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த மாதம் அந்த அம்மா வந்தார். துப்பாக்கியை அரசுக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டியிருந்தது. வராந்தாவில் அவரைப் பார்த்ததும் பதிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். பியூனே கையெழுத்து வாங்கி அனுப்பிவிடட்டும் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. "சாரைப் பாத்துட்டுத்தான் போவேன்," என்று சொல்வது கேட்டது. வேறு வழியில்லாமல் வெளியே வந்தேன். சபிப்பார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சீங்களே சார். என்னா பேசினீங்க? மகன் போனதுக்கப்பறம் அவரு சிரிச்சி நான் பாத்தது அன்னிக்குத்தான். அதான் கேக்கறேன்."

பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது வேடிக்கை பேசினோம் என்றிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. தூக்கம் வருவதில்லை என்று அவர் சொன்னதையும், நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன்.

"என்கிட்ட நல்லா தூங்கனேன்னுதான் சொல்லுவாரு. உங்ககிட்ட நெசத்தச் சொல்லியிருக்காரு," என்றார். குரலில் கோபம் இல்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எண்பதுகளில் மாற்றலாகும்வரை அதே மேசையில்தான் இருந்தேன். வீட்டிலிருந்து யாராவது வந்து தயங்கி நின்றால், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவேன். பட்டியலை எடுக்க மாட்டேன். கேட்டதில் சந்தேகம் இருந்தால் அந்த நான்கு வரியை எழுதிவிடுவேன். உரிமதாரர்கள் என்மேல் மனுக் கொடுத்தார்கள். தவளக்குப்பம் பக்கத்து விவசாயி ஒருவர், அவருடைய அண்ணன் பேச்சைக் கேட்டு நான் துப்பாக்கியை மூன்று மாதம் முடக்கியதற்காக, பிறகு பல வருடம் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் காறித் துப்பிவிட்டுப் போவார். போகட்டும், உயிரோடு போகிறாரே என்று நினைத்துக்கொள்வேன். அவர் விஷயத்தில் நான் செய்தது சரியா, வீண் சந்தேகமா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே துப்பாக்கியைப் பற்றி ஓயாத வாதம் நடக்கிறது. வீட்டார் பயந்து புகார் சொன்னால், ஒருவரின் துப்பாக்கியைச் சில நாள் எடுத்துவைக்கலாமா, குற்றமே செய்யாதவரின் உரிமையை அப்படிப் பறிக்கலாமா என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொள்கிறார்களாம். "நீங்க அந்த வேலையே பாத்தவர்தானேப்பா, என்ன சொல்றீங்க?" என்று போனில் கேட்டாள். உரிமை என்று பேசுகிறவர்களை என்னால் முட்டாள்கள் என்று சொல்ல முடியவில்லை. அன்று நானும் அதையே பேசினேன், அந்த மனிதரும் எந்தக் குற்றமும் செய்தவரில்லை. சட்டத்தை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்ன ஒரு பெண்ணிடம் "யாருக்காகம்மா?" என்று கேட்க அன்று எனக்கு முக்கால் மணி நேரம் இருந்தது, நான் கேட்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம்.