போனில் வழித்துவிட்ட கால்

1. வெளிநாட்டில், டா நாங் நகரில், ஒரு ஞாயிறன்று இடது கெண்டைக்காலில் பிடிப்பு. முதல் நாள் கடற்கரை மணலில் அதிகம் நடந்ததால் என்று நினைத்தேன்.
2. மறுநாள் வீக்கம். இடது கால் மட்டும். தொட்டால் சூடாக இருந்தது.
3. அம்மா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, சுளுக்கு என்றார். எண்ணெய் தேய்த்து அழுத்தி வழித்துவிடச் சொன்னார். வழித்தேன்.
4. இரண்டு நாள் கழித்து, மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. இழுத்து மூச்சுவிட்டால் விலாவில் குத்தியது.
5. மருத்துவமனை. காலில் இரத்தக்கட்டி. அதில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போயிருந்தது.

எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் வரிசையாகச் சொல்லப் பழகிவிட்டேன். ஊருக்கு வந்த பிறகு, மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல முயன்றேன்.

எங்கள் ஊர் குமாரபாளையம். அம்மா கால் முன்னால் வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் வழித்தால் சுளுக்கு இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தறிக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அம்மா காசு வாங்கியதில்லை. அந்தக் கைக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது.

அன்று போனைத் தரையில் சாய்த்து வைத்து அம்மாவிடம் காலைக் காட்டினேன்.

"எண்ணெய சூடு பண்ணிக்க சாமி. கீழருந்து மேல வழிச்சு உடு. இன்னும் அழுத்து. வலிக்கத்தான் செய்யும்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "போன்லயே வைத்தியம் பாக்கறா. இனி வாசல்ல போர்டு ஒண்ணுதான் பாக்கி."

"நீங்க சும்மா இருங்க. புள்ள அங்க ஒத்தையா கெடக்குது."

நான் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு மென்பொருள் சோதனை செய்கிறேன். எங்கிருந்தும் செய்யலாம் என்பதால் கடல் தெரியும் அறை ஒன்றை எடுத்திருந்தேன். மதியம் தொடங்கினால் கூட்டத்துக்கு மேல் கூட்டம். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவது என் பழக்கம். கேமராவில் கழுத்துக்குக் கீழே யாருக்கும் தெரியாது. எழவேண்டி வரும் என்று தண்ணீரும் அதிகம் குடிக்கமாட்டேன். மாதவிடாய் ஒழுங்காக வர ஹார்மோன் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

மூச்சு வாங்கிய அன்று வீட்டுக்கார அம்மாள் காரில் அழைத்துப் போனார். டாப்ளர் ஸ்கேனில் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் பரிசோதனை) காலின் ஆழத்தில் ஓடும் இரத்தநாளத்தில் அடைப்பு தெரிந்தது. அடுத்து சி.டி. எடுத்தார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் நிதானமான ஆங்கிலத்தில், நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு (காலிலிருந்து நகர்ந்த கட்டி நுரையீரலில் போய் நிற்பது) என்றார்.

"காலை யாராவது அழுத்தித் தேய்த்தார்களா?"

"நான்தான்."

அவர் எழுதிக்கொண்டார். ஹெபாரின் ஊசி (கட்டி மேலும் வளராமல் தடுப்பது) போட்டார்கள்.

மாலையில் அம்மா அழைத்தார். "சுளுக்கு எறங்குச்சா சாமி?"

"சுளுக்கு இல்லம்மா. ரத்தம் கட்டியிருக்குது. மருந்து போடறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

வழித்ததால் கட்டி நகர்ந்திருக்கலாம் என்பதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று அந்தப் படுக்கையில் முடிவு செய்தேன். சொன்னால் அந்தக் கை அதன்பின் யாரையும் தொடாது என்று எனக்குத் தெரியும்.

பயணம் செய்யலாம் என்று அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் ஊர் வந்தேன். சேலத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறிகுறிகளைச் சொன்னேன். வீக்கத்திலிருந்து நேராக மூச்சுத் திணறலுக்குப் போனேன்.

"நடுவுல மசாஜ் மாதிரி ஏதாச்சும் பண்ணுனீங்களாம்மா?"

"இல்லைங்க."

"பண்ணுச்சுங்க டாக்டர்," என்றார் அம்மா. "நாந்தான் வழிக்கச் சொன்னேன்."

வழித்ததில் ஆபத்து இருந்ததை எப்போது தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"அதனாலதான் கட்டி நெஞ்சுக்கு ஏறுச்சுங்களா?"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "தேய்ச்சிருக்கக் கூடாதுங்க. அத நான் மறைக்க மாட்டேன். ஆனா அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. தேய்க்காமலும் ஏறும். மாத்திரை, உட்கார்ந்தே வேலை, எல்லாமே காரணம்."

அம்மா தலையாட்டினார். "சுளுக்குன்னு ஊட்டுக்கு ஆளுக வருவாங்க. அவங்கள நான் எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

மருத்துவர் நாற்காலியை நகர்த்தி என் காலைக் காட்டினார். "இங்க புடிச்சுப் பாருங்க."

அம்மா கையை நீட்டவில்லை.

"தொடலாம்மா. அழுத்தித் தேய்க்கத்தான் கூடாது."

அம்மா என் இரண்டு கெண்டைக்கால்களையும் கைக்கு ஒன்றாகப் பிடித்தார். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, சூடா, மூச்சு வாங்குகிறதா என்று மருத்துவர் சொல்லச் சொல்ல அம்மா திருப்பிச் சொன்னார். சந்தேகம் வந்தால் கை வைக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்றார் மருத்துவர்.

இதைப் படிப்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அதன்பின் யார் வந்தாலும் அம்மா கதவருகிலேயே திருப்பி அனுப்பினார். கணுக்கால் வீக்கத்தோடு வந்த எதிர்வீட்டு அக்காவையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர் மறுநாள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஸ்கேன் எடுத்து வெறும் சுளுக்குன்னு அனுப்பிச்சுட்டாங்க. இப்பவாச்சும் வழிச்சு உடுவீங்களா, இல்ல இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு வாரதுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"வாய் மட்டும் சுளுக்கல பாரு," என்றார் அம்மா. "உள்ள வா. கால நீட்டு."

மெதுவாகத்தான் வழித்தார். அந்த அக்கா, இன்னும் அழுத்தச் சொல்லிச் சலித்துக்கொண்டே இருந்தார்.

இன்றைய நிலை இது. நுரையீரல் தெளிந்துவிட்டது. கால் நாளத்தில் பழைய கட்டியின் தழும்பு இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடர்கிறது. ஹார்மோன் மாத்திரை நின்றுவிட்டது. மாலையில் இடது கால் வலதைவிடத் தடிக்கிறது, இறுக்கமான காலுறை போடுகிறேன். வேலையைக் குமாரபாளையத்திலிருந்து செய்கிறேன். டா நாங்குக்குத் திரும்புவதா என்று முடிவு செய்யவில்லை. முன்பு என் பொழுதைக் கூட்டங்கள் பிரித்தன. இப்போது கால்தான் பிரிக்கிறது: அது கனக்கத் தொடங்கினால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து நடக்கிறேன்.