ஜாமீன் கேட்கும் படிவம்

கிளினிக் கதவு திறப்பதற்கு முன்பே, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அம்மாள் அன்றைய படிவங்களை ஒரே கட்டாகத் தட்டி அடுக்கி, அடியில் இரண்டு விரல்கடை அளவுக்குக் கத்தரித்துவிடுகிறார். விழும் துண்டுகளின் பின்பக்கம் வீட்டுச் சாமான் பட்டியல் எழுத உதவுகிறது.

நான் போனது வேறொன்றுக்கு. ஊருக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு பேசும் இந்த அம்மாளுக்கு ஒன்பது பிள்ளைகள் என்று ஒரு வதந்தி. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நேரே கேட்டுவிட்டேன்.

"ஒன்பதா? போன வருஷம் ஏழுன்னாங்க. எனக்கே தெரியாம ரெண்டு பெத்துட்டேன் போல." கத்தரிக்கோல் நிற்கவில்லை. "ரெண்டுன்னா 'அடுத்தது எப்போ'ம்பீங்க. ஒண்ணுமில்லன்னா 'ஐயோ பாவம்'பீங்க. இப்படிக் கேக்காதீங்கன்னுதான் தம்பி இருபத்திரண்டு வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்."

வாயிற்காவலர் நான்கு என்றார். டிரைவர், "அக்காவுக்குக் கல்யாணமே ஆகலியே" என்றார். குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

கிளினிக்கை நடத்துவது நாடெங்கும் கிளை உள்ள ஒரு சங்கம். அதற்காகத் தொழிற்சாலை வாசலிலும் அமைச்சர் அறையிலும் வாதாடுவது அக்காவின் வேலை. ஆணுறையை யாராவது 'அது' என்று இழுத்தால், "எது? குடையா?" என்பார். கூட்டம் அதற்குப் பிறகு நிமிர்ந்து உட்காரும்.

சங்கத்தின் சுவரொட்டி, 'முடிவு உங்கள் கையில்' என்கிறது. சங்கத்தின் படிவத்திலோ கடைசி வரி: 'கணவர் / பிணையாளர் கையொப்பம்'. எந்தச் சட்டமும் இதைக் கேட்கவில்லை. முப்பது வருடங்களுக்கு முன் ஒரு தட்டச்சர், ஏதோ கடன் படிவத்தை மாதிரியாக வைத்து அடித்தபோது அந்த வரியையும் சேர்த்து அடித்துவிட்டார். பழைய கோப்பைக் கிளறிக் கண்டுபிடித்தவர் அக்காதான்.

"பிள்ளை வேணாம்னு சொல்றதுக்கு ஜாமீனா? தவணை தவறினா புருஷனைப் பிடிச்சுக்கிட்டுப் போவாங்களா?"

தலைமை அலுவலகத்துக்கு எட்டுக் கடிதங்கள் எழுதினார். எட்டுக்கும் ஒரே பதில்: 'ஆவன செய்யப்படும்.' ஒன்பதாவது கடிதம் எழுதாமல் கத்தரிக்கோல் வாங்கினார்.

நான் போயிருந்த அன்று சங்கத்தின் மேற்பார்வை அதிகாரி ஒரு கடிதத்தோடு வந்தார். வெட்டிய படிவத்தில் இன்னும் ஒருவருக்குச் சிகிச்சை நடந்தாலும் அக்காவின் வேலை போகும். சொல்லி வாய் மூடவில்லை. இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு தையல் ஆலைப் பெண் ஒருவர் வந்து நின்றார். அவருக்கு மூன்று மாதம் கருத்தரிக்காமல் இருப்பதற்கான ஊசி வேண்டும். பத்து மணிக்கு ஷிப்ட்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் அதிகாரி.

"கையெழுத்துக்கு அவருக்குக் கை வராது சார். ஓங்கத்தான் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா வெட்டிய படிவம் ஒன்றை இழுத்து, பெயரைக் கேட்டு எழுதி, நர்ஸிடம் நீட்டினார். "நீ உள்ள போம்மா. குழந்தையை இங்க குடு."

அதிகாரியின் முகம் சிவந்தது. கடிதத்தை மேசையில் வைத்தார். "என்ன செய்றீங்கன்னு தெரிஞ்சுதான் செய்றீங்களா? 'பெற்றுக்கொண்டேன்'னு இதுல கையெழுத்துப் போடுங்க."

மடியில் குழந்தையோடு அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உங்க வீட்டம்மா கையெழுத்து எங்க சார்?"

"அது எதுக்கு?"

"அவங்க சம்மதம் இல்லாம நீங்க குடுக்கறத நான் எப்படி வாங்கிக்கறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பிணை?"

உள்ளே போன பெண் தோளைத் தேய்த்தபடி வெளியே வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஷிப்டுக்கு ஓடினார்.

அக்கா பேனாவை மூடினார். கடிதத்தை ஒரே விரலால் அதிகாரியின் பக்கம் தள்ளிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று நினைவூட்டல்கள் வந்த பிறகும் அதில் அக்காவின் கையெழுத்து இன்னும் பாக்கி.