அவனுடைய தட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீர்க்கன்கரணையில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் வேலை பார்த்தேன். துத்தநாக ஆக்சைடு பொடியை அழுத்தி, உலையில் சுட்டு, வட்டத் தட்டுகளாக்குவோம். மெல்லிய சூரிய மின்தகடு செய்பவர்கள் அவற்றைக் கொண்டு கண்ணாடிமேல் பூச்சு ஏற்றுவார்கள்.

உலையிலிருந்து எடுத்த தட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். உள்ளே விரிசல் இல்லாவிட்டால் மணிபோல ஒலிக்கும். புது வாடிக்கையாளருக்கு யாருடைய தட்டு போகிறதோ அவருக்கே உலைப் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் சேர்ந்தவனின் தட்டு கணீரென்றது. என்னுடையது மொத்தென்று அடங்கியது.

"இன்னா மச்சான், உன்னுதுக்குத் தொண்ட கட்டிக்கினு கீதா?" என்று அவன் சிரித்தான்.

முதலாளி என்னைப் பார்த்து, "சார், பேக்கிங் மட்டும் நீங்க பண்ணிடுங்க. உங்க அளவுக்கு நீட்டா யாரும் பண்ண மாட்டாங்க" என்றார்.

அவன் தட்டு வழியிலேயே உடையட்டும் என்று மனதார விரும்பினேன். ஆனால் வைக்கோலைத் தளர்வாகத் திணிக்க என் கைகளுக்கு வரவில்லை. நான்கு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்து, பெட்டியை ஆணியடித்து, குலுக்கிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

அடுத்த வாரம் வாடிக்கையாளர் போன் செய்தார். தட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்ததாம். முதலாளி எழுந்துபோய் அவன் கையைக் குலுக்கி, உலை அறைச் சாவியைக் கொடுத்தார்.