தங்கை இறங்க மறுத்த வண்டி

ஐம்பதுகளின் நடுவில், குருபரப்பள்ளியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மாதாமாதம் தூரமாவதும் நின்றுபோய், சாயங்காலமானால் காய்ச்சல் வரும். மாமியார் என் கணவருக்கு இரண்டாந்தாரம் பார்க்கப் பேச்செடுத்தார். போகாத கோயில் இல்லை. டாக்டரிடம் மட்டும் போகவில்லை.

எவளோ வந்து என்னைத் துரத்துவதைவிடக் கூடப்பிறந்தவளே வரட்டும் என்று, தங்கையை என் கணவருக்கு இரண்டாந்தாரமாகக் கேட்க நானே பிறந்த வீட்டுக்குப் போனேன். அப்படி ஒரு புத்திசாலி நான்!

பதினெட்டு வயதுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எலும்பும் தோலுமா நிக்கற. மொதல்ல டாக்டரம்மாகிட்ட வாக்கா. கல்யாணத்த அப்பறம் பேசிக்கலாம்" என்றாள்.

கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். காசநோய் என்று முடிவு வந்தது. இருமலே இல்லாமல் காசமா என்று மாமியார் நம்பவேயில்லை. அது கர்ப்பப்பையிலும் வரும், இனிக் குழந்தை பிறப்பது கஷ்டம், மருந்தை விடாமல் எடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்றார் டாக்டரம்மா.

மூன்று மாதம் தினமும் ஊசி. தங்கை எங்கள் வீட்டிலேயே தங்கி, என்னை பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். இளையவள் இப்போதே குடிவந்துவிட்டாள் என்று ஊர் சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை. காய்ச்சல் விட்டது. தொளதொளத்த ரவிக்கைகள் பிடிக்க ஆரம்பித்தன. மாமியார் மறுபடி இரண்டாந்தாரப் பேச்சை எடுத்தபோது, அதுவரை வாய் திறக்காத என் கணவர், "எனக்கு இவ போதும்மா" என்றார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

அடுத்த தை மாதம் தங்கைக்குச் சூளகிரிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு மறுவீட்டுக்கு எங்கள் பிறந்த வீட்டுக்கு வண்டியில் வந்தாள். நானும் மாமியாரும் அங்கே இருந்தோம். பிள்ளை பெற்றவர்கள்தான் ஆரத்தி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

"எங்கக்கா வந்து ஆரத்தி எடுத்தாத்தான் எறங்குவேன்" என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள் தங்கை.

பெண்கள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். கடைசியில் தட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்!

எனக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் மணக்கோலத்தில் வாசலுக்கு வந்தாலும் ஆரத்தித் தட்டு என் கைக்குத்தான் வருகிறது, ஒவ்வொரு முறையும் நான் பிழைத்ததை ஊரறியச் சொல்வதுபோல் அதை நிதானமாகச் சுற்றுகிறேன்.