பின்னால் தாவக் கற்ற கோகிலா

போன வாரம் சேலத்தில் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். சும்மா நிற்கத் தெரியாமல் எதையோ தொட்டதில் கையெல்லாம் கரி. மெக்கானிக் ஒரு கைப்பிடி வேஸ்ட் நூலைத் தூக்கிப் போட்டு, "தொடச்சுக்கங்க மேடம்" என்றார். தறியில் கழிந்த நூல், பச்சையும் சிவப்புமாகச் சுருண்டு கிடந்தது. நான் கையைத் துடைக்காமல் அதை மோந்து பார்த்தேன். கஞ்சிப் பசை வாசனை. மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள்.

என் முதல் வேலை மல்லசமுத்திரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில். பீ.டி. டீச்சர். பீ.டி. பீரியடை மட்டும் யாரும் கண்ணால் கண்டதில்லை. கணக்குக்காரர் ஒருநாள், இயற்பியல்காரர் மறுநாள் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். நான் கழுத்தில் விசிலோடு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பேன். ஆத்தூர்ப் பெண்ணான எனக்கு அங்கே பேச்சுத் துணைகூட இல்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசும் அந்தப் பக்கத்துக்காரர்கள், நான் வாய் திறந்தால், "இதென்ன, சண்டை போடற மாதிரியே பேசறீங்க?" என்பார்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பிள்ளைகள் டெஸ்ட் எழுதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஆளில்லாத மைதானத்தில் தனியாகக் கரணம் போடுவேன். கல்லூரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடிய உடம்பு, சொன்னால் கேட்காது.

அப்படி ஒருநாள் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போட்டு நிமிர்ந்தபோது வேப்பமரத்தடியில் கோகிலா நின்றிருந்தாள். பின்னால் சாய்ந்து தாவி, கையூன்றி, மறுபடி காலில் வந்து நிற்கிற கரணம் அது. கோகிலா வேதியியல் டீச்சர், குமாரபாளையத்துக்காரி. அவளுக்கும் என் வயதுதான்.

"ஏனுங்க டீச்சர், இதை எனக்குச் சொல்லித் தாரீங்களா?"

கிண்டல் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஊருக்குப் போனவள், வீட்டுத் தறிக் கழிவு நூலை மூட்டை மூட்டையாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். இரண்டு பேரும் கோணிக்குள் திணித்துத் தைத்து மெத்தை ஆக்கினோம். கஞ்சி வாசனையோடு இருந்த அந்த மெத்தைதான் எங்கள் ஜிம்.

அவளிடம் இல்லாத தப்பே இல்லை. தாவச் சொன்னால் முட்டியை முன்னால் மடக்கி, நேர் மேலே குதிப்பாள். பின்னால் போகவே மாட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வதுபோல நிற்க வைத்தேன். "அந்த நாற்காலியை யாரோ இழுத்துட்டாங்க. விழப்போறீங்க. விழற அந்த நேரத்துல தரையை உதைங்க" என்றேன். அது வந்ததும் கால்கள் அகன்றன. கணுக்கால்களுக்கு நடுவே கரும்பலகை டஸ்டரை இடுக்க வைத்தேன். அது பறந்துபோய் என் மூக்கில் அடித்தது. மறுநாள் காலை பிரேயரில் வீங்கிய என் மூக்கைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இல்லை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பள்ளியில் என்னைப் பார்த்து யாராவது சிரித்தது அன்றுதான்.

பெரிய தப்பு தலை. எங்கே விழப்போகிறோம் என்று பார்க்கும் ஆசையில் தலையை முதலில் எறிவாள். தலை முந்தினால் முழங்கை மடங்கிவிடும். "கை காதை ஒட்டியே இருக்கணும். தலை கையோட போகட்டும்" என்று எத்தனை சொல்லியும், ஒருநாள் அவள் இடுப்பைத் தாங்கிய என் பிடி நழுவி, முழங்கை மடங்கி, தலை மெத்தையில் மோதியது. அப்படியே கிடந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. "கழுத்து வலிக்குதா? விரலை அசைச்சுப் பாருங்க" என்றேன். எல்லா விரலையும் அசைத்துக் காட்டிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தை மாசம் கல்யாணமுங்க. மாப்பிள்ளை போர்வெல் போடற ரிக் வண்டி வெச்சிருக்காங்களாம். வடக்கே போய்க் குடியிருக்கோணும். என்னை ஒருத்தரும் கேக்கலை."

"இதை நிறுத்திக்கலாமா?"

"ஐயோ, நிறுத்திறாதீங்க. இது ஒண்ணாவது நானாப் பண்ணோணும்."

அதன்பிறகு வாரக்கணக்கில் சுவரோரம் தலைகீழாக நின்று, முழங்கை மடங்காமல் தோளால் தரையைத் தள்ளிப் பழகினாள். தலை அடங்கியது. கரணம் வந்துவிட்டது. ஆனால் எப்போதும் கோணலாக, இடதுபக்கம் திரும்பியே விழுவாள். கை வைக்கும் இடம், கால் எழும்பும் விதம் என்று எல்லாவற்றையும் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு மத்தியானம்தான் கண்ணில் பட்டது. தாவும் முன் அவள் பார்வை ஒரு கணம் இடதுபக்கம் போய் வந்தது. அங்கேதான் நான் முட்டிபோட்டு, ஒரு கையை அவள் இடுப்புக்குக் கீழே நீட்டி உட்கார்ந்திருப்பேன். நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தப்புக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனேன்.

"எங்கீங்க போறீங்க?"

"இங்கதான் இருக்கேன். திரும்பாம நேராப் பாருங்க."

மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். பிறகு கைகள் மெத்தையில் பதிகிற சத்தம், அதன் பின்னாலேயே இரண்டு காலும் ஒன்றாக இறங்குகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். துளிக் கோணல் இல்லாமல் நேராக நின்றிருந்தாள். "டீச்சர், பாத்தீங்களா?" என்று கத்தினாள். "பார்த்தேன்" என்றேன். பார்க்கவில்லை, கேட்டேன். ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்கு இனி என் கை தேவையில்லை. என்னுடையது வேறு அழுகை என்பது அன்று இரவு விடுதிக் கட்டிலில் படுத்தபிறகுதான் தெரிந்தது.

தை மாதம் அவள் போய்விட்டாள். முதல் வருடம் அடிக்கடி கூப்பிட்டாள். "இங்க பேச ஆளே இல்லீங்க" என்பாள். அந்த ஊர் மொழி அவளுக்குச் சட்டென்று வரவில்லை. ஒருமுறை, மொட்டை மாடியில் யாரும் இல்லாதபோது கரணம் போட்டுப் பார்த்ததாகவும் நேராகவே வந்ததாகவும் சொன்னாள். பிறகு குழந்தை, வேலை. பேச்சு பொங்கலுக்குப் பொங்கல் என்றாகி, அதுவும் நின்றது. நானும் பள்ளி மாறி, ஊர் மாறி, சேலத்தில் தனியாக வீடெடுத்துவிட்டேன். அந்த மைதானத்தில் இப்போது மூன்று மாடிக்கு ஹாஸ்டல் நிற்கிறது. வேப்பமரம் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் அறை.

போன வாரம் வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பழைய நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். மணி அடித்தது. ஒரு கிழவரின் குரல், இந்தி. நம்பர் கைமாறியிருந்தது போல. "கோகிலா இருக்காங்களா?" என்று தமிழில்தான் கேட்டேன். அவர் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. நான் இன்னும் ஏதோ சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.